குடையா கவிழ்த்தது சுதேசிக் கப்பலை?

நெய்தல்நிலம்:
காணொளி ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. பேசுகிறவர் சொல்வது இதுதான்: "வெள்ளைக்காரன் ஓசியில் குடை கொடுத்தான். நம்மாள் குடைக்கு ஆசைப்பட்டு வ.உ.சி.யின் கப்பலைக் கைவிட்டான். சுதேசிக் கப்பல் கம்பெனி மூழ்கியது." கீழே வரிசையாக 'தமிழன் புத்தியே இதுதான்' என்று ஆமாம் போட்டு வைத்திருக்கிறார்கள். படிக்கப் படிக்க வயிறு எரிகிறது.

தூத்துக்குடி–கொழும்பு தடத்தில் கப்பல் விட, 1906 அக்டோபர் 16-ல் பதிவான கம்பெனி அது. வங்கப் பிரிவினை நடைமுறைக்கு வந்து சரியாக ஓராண்டு. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். பங்கு வாங்கியவனும் தமிழன்தானே? கம்பெனி கலைக்கப்பட்டது 1911-ல். கட்டணப் போட்டி நடந்தது வ.உ.சி. கைதாவதற்கு முன்பு. அப்போது கொடுத்த குடை 1911-ல் எப்படிக் கப்பலைக் கவிழ்க்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முத்துக்குளி:
குடை கொடுத்தது பொய் என்கிறீர்களா? அதை மட்டும் சொல்லுங்கள். அதே தடத்தில் கப்பல் விட்ட வெள்ளைக்கார பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. வ.உ.சி. எட்டணாவுக்கு இறங்கினார். உடனே அவன் 'இலவசமாக ஏறு, குடையும் வாங்கிக்கொள்' என்றான். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கூட்டம் அந்தக் கப்பலில் ஏறாவிட்டால் அவன் எதற்குக் குடை வாங்கிக் குவிக்கிறான்? கசப்பாக இருக்கிறது என்பதற்காக வரலாற்றை மாற்ற முடியாது.

பழங்கணக்கு:
குடை கொடுத்ததை இங்கே யாரும் மறுக்கவில்லை. குடைதான் காரணம் என்பதைத்தான் மறுக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சுதேசிக் கம்பெனியின் கப்பல்கள் காலியா, லாவோ. ஒவ்வொன்றிலும் சாதாரண வகுப்பில் ஆளுக்கு ஆள் நெருக்கி 1,300 பேர் போகலாம். முதல் வகுப்பில் 42, இரண்டாம் வகுப்பில் 24. சாதாரண வகுப்பு மொத்தமும் நிரம்பி, தலைக்கு எட்டணா என்றால் ஒரு நடைக்கு 650 ரூபாய். ஒரு ரூபாய் என்றால் 1,300. பாதி இருக்கைதான் நிரம்பியது, கட்டணமும் எட்டணா என்றால் 325. இந்தத் தொகைக்குள் நிலக்கரி, மாலுமி சம்பளம், எஞ்சின் அறை ஆட்கள், துறைமுகக் கட்டணம், காப்பீடு, தோணிக் கூலி எல்லாவற்றையும் அடக்க வேண்டும். அடங்காது. அதாவது எட்டணாவுக்கு இறங்கிய அன்றைக்கே ஒவ்வொரு நடையும் நட்டத்தில்தான் போயிருக்கும், கப்பல் நிரம்பினாலும் கூட. குடை வந்ததா வரவில்லையா என்பது அதற்கப்புறம் வரும் சங்கதி.

எதிர்ப்பக்கம் யார்? 1856-ல் கல்கத்தாவில் தொடங்கி, 1862-ல் பெயர் மாற்றிக்கொண்டு, தபால் சுமக்க அரசாங்கத்திடம் மானியமும் வாங்கி வந்த கம்பெனி. சுமார் நூறு கப்பல்கள். ரங்கூன், கல்கத்தா, பம்பாய், பாரசீக வளைகுடா என்று பல தடங்கள். தூத்துக்குடி–கொழும்பு ஒரு தடத்தில் ஒரு வருஷம் முழுக்க நட்டப்பட்டாலும் ரங்கூன் தடத்து வருமானத்தில் ஈடுகட்டிவிடுவான். சுதேசிக்கு இருந்ததோ இரண்டு கப்பல், ஒரே தடம். ஈடுகட்ட வேறு வழியே கிடையாது. இதில் குடை எங்கே வந்தது?

முத்துக்குளி:
நீங்களே சொல்கிறீர்கள், 1,300 பேர் நிரம்பினால் 650 ரூபாய் என்று. ஏன் நிரம்பவில்லை? குடைக்காரன் பக்கம் போய்விட்டார்கள். முடிந்தது.

பழங்கணக்கு:
நிரம்பவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? நிரம்பினாலும் நட்டம் என்றேன். இன்னொரு முறை படியுங்கள்.

கரிசல்காட்டான்:
அண்ணாச்சி, கணக்கெல்லாம் சரிதான். ஆனால் கப்பல் கவிழ்ந்த நாள் 1908 மார்ச் 12. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பத்மநாப ஐயங்காரும் திருநெல்வேலியில் கைதான நாள். மறுநாள் ஊரே பற்றி எரிந்தது. நகராட்சி அலுவலகம், அஞ்சலகம், காவல் நிலையம் எல்லாவற்றுக்கும் தீ. துப்பாக்கிச் சூட்டில் நாலு உயிர் போனது. ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே தீர்ப்பு: ராஜத்துரோகத்துக்கு 20 வருஷம், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 வருஷம், ஒன்று முடிந்து மற்றொன்று. கம்பெனியின் உயிர்நாடியையே பிடுங்கிக்கொண்டு போன பிறகு கம்பெனி எப்படி நிற்கும்? ஒரு தமிழனும் குடைக்காகக் கப்பலை விற்கவில்லை. சர்க்கார் பறித்தது.

தூத்துக்குடி ஜனங்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அங்கே கோரல் நூற்பாலையில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பார்த்தால் தெரியும். 1908 பிப்ரவரி 27-ல் ஆரம்பித்தது. வேலைக்குப் போகாத தொழிலாளிக்கு ஊர் சோறு போட்டது. சுதேசி இயக்கத்துக்கு எதிராகப் பேசியவருக்கு நாவிதர் சவரம் செய்ய மறுத்தார், வண்ணார் துணி எடுக்க மறுத்தார். அந்த ஊரையா ஒரு குடைக்கு விலைபோனது என்கிறீர்கள்?

சட்டப்புள்ளி:
ஒரு திருத்தம். '40 வருஷம்' என்று மேடையில் முழங்கிவிட்டு எல்லோரும் அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். 1908 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதைக் குறைத்தது. 1912 டிசம்பரில் விடுதலை. 40 வருஷம் அவர் உள்ளே இருக்கவில்லை.

கரிசல்காட்டான்:
40 வருஷம் உள்ளே இருந்தார் என்று நான் எழுதினேனா? தீர்ப்பு என்றேன். தீர்ப்பு 40 வருஷம்தான். குறைத்ததால் பின்ஹே நல்லவனாகிவிடுவானா?

சட்டப்புள்ளி:
பின்ஹேயை நான் நல்லவன் என்று சொல்லவில்லை. பாதி விவரத்தைச் சொன்னால் நாளைக்கு எதிராளி மீதிப் பாதியை எடுத்து உங்களையே அடிப்பான், அதனால் சொன்னேன். இன்னொன்று: ஆரம்பத்தில் பிடித்தது ராஜத்துரோகத்துக்கான 124-அ பிரிவில் இல்லை. நன்னடத்தைப் பிணை கேட்கும் நடவடிக்கைதான் முதலில். ராஜத்துரோக வழக்கு அதன் பின்பு தொடுக்கப்பட்டது. வரிசை முக்கியம். அப்படியே இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். 'மூழ்கியது' என்று எல்லோரும் எழுதுகிறீர்களே, எதைச் சொல்கிறீர்கள்? கப்பல் ஓட்டம் நின்றதையா, கம்பெனி கலைக்கப்பட்டதையா, பங்குதாரர் பணம் போனதையா? மூன்றுக்கும் நாள் வேறு, காரணமும் வேறாக இருக்கலாம். முதலில் அதை முடிவு செய்துகொண்டு பேசினால் நல்லது.

முத்துக்குளி:
மூழ்கியது என்றால் மூழ்கியது. சட்டக் கல்லூரி வகுப்பு வேண்டாம். குடை வாங்கியவன் எந்த ஊர்க்காரன்? அதைச் சொல்லுங்கள்.

பழங்கணக்கு:
சரி, குடை குடை என்கிறீர்களே, குடைக்கே வருவோம். அன்றைக்குத் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போன சாதாரண வகுப்புக் கூட்டம் யார்? பெரும்பகுதி தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிச் சனம். தட்டப்பாறை முகாமில் நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்து, கழுத்தில் தகரச் சீட்டு கட்டி அனுப்புவார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிறான் என்று அந்தத் தகரத்திலேயே எண் இருக்கும். வழிச்செலவைத் தோட்டத்துக் கணக்கில் எழுதுவார்கள். அதாவது பயணம் போகிறவன் வேறு, பணம் கட்டுகிறவன் வேறு. எந்தக் கப்பலில் ஏற்றுவது என்று முடிவு செய்தது கங்காணியும் வெள்ளைக்காரத் துரையும். அந்தக் கூலியிடம் குடை நீட்டினாலும் நீட்டாவிட்டாலும் அவன் ஏறும் கப்பல் மாறாது. 'குடைக்கு விலைபோனான்' என்று அவனைச் சொல்வது மகா பாவம். முடிவெடுக்கும் உரிமையே அவனுக்கு இருந்ததில்லை.

சொந்தக் காசில் சீட்டு வாங்கியவர்கள் கொழும்பு புறக்கோட்டையில் கடை வைத்திருந்தவர்கள், கணக்குப்பிள்ளைகள், போக்குவரத்தாக இருந்த வியாபாரிகள். சுதேசிப் பங்கு வாங்கியதும் இந்தக் கூட்டம்தான். தன் பங்குப் பணத்தை நட்டப்படுத்தி ஒரு குடையை வாங்கிக்கொள்ளும் வியாபாரி எங்கேயாவது உண்டா?

முத்துக்குளி:
கூலியும் வாங்கவில்லை, வியாபாரியும் வாங்கவில்லை. அப்படியானால் குடையை யார்தான் வாங்கினது? கடலில் மீனுக்குக் கொடுத்தானா?

நெய்தல்நிலம்:
இந்தத் தகரச் சீட்டு விஷயத்தைப் பழங்கணக்கு அண்ணாச்சி சொல்லித்தான் கேள்விப்படுகிறேன். காணொளிக்காரருக்கு இதையெல்லாம் யார் சொல்வது?

கடல்மைல்:
எல்லோரும் சீட்டுக் காசிலேயே நிற்கிறீர்கள். கப்பல் ஓடுவது எப்படி என்று யாருக்காவது தெரியுமா? பயணிக் கட்டணத்தில் கப்பல் கம்பெனி பிழைப்பதில்லை, சரக்கில்தான் பிழைக்கும். இங்கிருந்து கொழும்புக்கு அரிசி, மிளகாய், வெங்காயம், ஆடு, மாடு. இதை ஏற்றுவதில்தான் தகராறே.

அன்றைக்குத் தூத்துக்குடியில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது. ஆழம் போதாது. கப்பல் பல மைல் தள்ளி நங்கூரம் போடும். ஆளும் மூட்டையும் தோணியில் போய் ஏற வேண்டும். காற்று ஓங்கினால் தோணி கப்பலோடு அணைந்து நிற்காது, தூக்கித் தூக்கி அடிக்கும். மூட்டை நனையும், ஏற்றும் நேரம் இரண்டு மடங்காகும். கப்பல் நிற்கிற ஒவ்வொரு மணியும் கொதிகலனில் கரி எரிந்துகொண்டிருக்கும். கரி இந்தப் பக்கம் விளைவதில்லை. வங்காளத்து ராணிகஞ்சிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ கடல் வழியாக வர வேண்டும்.

அடுத்தது பழுது. வெப்பக் கடலில் நிற்கும் கப்பலின் அடிவயிற்றில் பாசியும் சிப்பியும் மளமளவென்று ஒட்டும். வேகம் குறையும், கரிச்செலவு ஏறும். சுரண்டிச் சாயம் அடிக்க உலர்துறை வேண்டும். தூத்துக்குடியில் கிடையாது. கொழும்புக்கோ பம்பாய்க்கோ கொண்டுபோக வேண்டும். இரண்டு கப்பல் வைத்திருப்பவன் ஒன்றைப் பழுதுக்கு அனுப்பினால் பாதிப் போக்குவரத்து நின்றது. வியாபாரிக்கு வேண்டியது மலிவான கப்பல் மட்டும் இல்லை. சொன்ன நாளில் வரும் கப்பல். ஆடு மாட்டைக் கரையில் கட்டிவைத்துவிட்டுக் கப்பல் மூன்று நாள் தாமதமானால் தீவனச் செலவை எவன் கொடுப்பான்? பெரிய கம்பெனி ஒன்று பழுதானால் இன்னொன்றைக் கொண்டுவந்து நிறுத்துவான். சுதேசியிடம் மாற்றுக் கப்பல் இல்லை. மூன்றாவது கப்பல் இல்லாததுதான் கவிழ்த்தது. குடையும் இல்லை, கைதும் இல்லை.

கரிசல்காட்டான்:
'கைதும் இல்லை' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! மூன்றாவது கப்பல் ஏன் வரவில்லை? வாங்கக்கூடிய மனுஷன் கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்துக்கொண்டிருந்தார். முதல் இரண்டு கப்பலை வாங்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? கப்பலோடுதான் திரும்புவேன், இல்லையென்றால் கடலில் விழுந்து சாவேன் என்று சொல்லிவிட்டுப் பம்பாய்க்குப் போனவர் அவர்.

சட்டப்புள்ளி:
இரண்டையும் அவரே போய் வாங்கவில்லை. லாவோவுக்காகப் பிரான்சுக்குப் போனவர் வேதமூர்த்தி. இந்தப் பெயரைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வராது.

கரிசல்காட்டான்:
வேதமூர்த்தியை அனுப்பியது யார்?

சட்டப்புள்ளி:
அனுப்பியவருக்கு மட்டும்தான் பெருமை என்றால், கப்பலில் கரி அள்ளிப்போட்டவனுக்கு ஒன்றும் கிடையாது. அதேபோல ஹாஜி முகமது பக்கீர் சேட். 8,000 பங்கு, 2 லட்சம் ரூபாய். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவர் ஒருவருடையது. தலைவராக இருந்தவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நடத்தியவர். இதை ஒரு மனிதரின் கதையாகவே சொல்லிச் சொல்லித்தான், அவர் கைதானதும் எல்லாம் முடிந்தது என்று உங்களால் எழுத முடிகிறது.

கரிசல்காட்டான்:
சேட்டையும் தேவரையும் நான் மறந்தேன் என்று எப்போது சொன்னேன்? போன மாதம் வேறொரு இழையிலும் இப்படித்தான் நான் சொல்லாததைச் சொன்னதாக எழுதினீர்கள். இன்னும் பதில் வரவில்லை.

நெய்தல்நிலம்:
பழைய பஞ்சாயத்து வேண்டாமே. கப்பலைப் பற்றிப் பேசுவோம்.

வெள்ளோட்டம்:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். வெளிநாட்டில் கட்டிய கப்பல் எப்படிச் சுதேசிக் கப்பல் ஆகும்? துணி விஷயத்தில் மட்டும் மான்செஸ்டர் துணியைக் கொளுத்துவீர்கள், கப்பல் மட்டும் அங்கிருந்து வரலாமா?

கடல்மைல்:
அன்றைக்கு இந்தியாவில் அந்த அளவு நீராவிக் கப்பலை எங்கே கட்டுவார்கள்? கைத்தறி நாட்டில் இருந்தது, அதனால் துணியைக் கொளுத்த முடிந்தது. இரும்புக் கப்பலுக்குக் கட்டுதளம் இல்லை. விசாகப்பட்டினத்தில் கட்டிய 'ஜல உஷா' நீரில் இறங்கியது 1948 மார்ச்சில்தான். அதுவரை காத்திருந்தால் வெள்ளைக்காரனே கப்பல் ஏறிப் போய்விட்டிருப்பான். சுதேசி என்பது முதல் யாருடையது, லாபம் எங்கே தங்குகிறது என்பதைப் பொறுத்தது.

வெள்ளோட்டம்:
அது உங்கள் வசதிக்குத் திரித்த விளக்கம்.

பழங்கணக்கு:
வெள்ளோட்டம் தம்பி, வேறு இழை போடுங்கள். இங்கே குடைதான் பேச்சு.

இந்தக் குடைக் கதை தமிழனின் குணத்தைக் காட்டவில்லை, வெள்ளைக்காரக் கம்பெனிகளின் வழக்கத்தைத்தான் காட்டுகிறது. வேறு ஊர்களைப் பாருங்கள், தெரியும். வங்காளத்தில் 1884-ல் ரவீந்திரநாதரின் அண்ணன் ஜோதிரிந்திரநாத் தாகூர் குல்னா–பாரிசால் ஆற்றுத் தடத்தில் நீராவிப் படகு விட்டார். முதல் கப்பல் 'சரோஜினி'. பிறகு சிலவற்றைச் சேர்த்தார். எதிரே ஃபுளோட்டிலா கம்பெனி. கட்டணத்தைக் குறைத்தார்கள், இவரும் குறைத்தார். கடைசியில் சொத்தெல்லாம் கரைந்து அதே கம்பெனியிடமே விற்றுவிட்டு ஒதுங்கினார். அடுத்து ஜாம்ஷெட்ஜி டாட்டா. 1890-களில் ஜப்பான் கம்பெனியோடு சேர்ந்து பம்பாயிலிருந்து சீனத்துக்கும் ஜப்பானுக்கும் பஞ்சும் நூலும் ஏற்றக் கப்பல் விட்டார். பி அண்டு ஓ கம்பெனி சரக்குக் கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. நேற்றுவரை டாட்டாவை வாழ்த்திய வியாபாரிகளே அந்தப் பக்கம் போனார்கள். டாட்டாவே கையை விரித்தார், சின்ன முதலாளியின் கதி என்ன?

பிழைத்தது இந்திய முதலாளிகளின் சிந்தியா கப்பல் கம்பெனி. 1919 ஏப்ரல் 5-ல் பம்பாயிலிருந்து 'லாயல்டி' கப்பல் லண்டனுக்குக் கிளம்பியது. இன்றைக்கும் ஏப்ரல் 5 தேசியக் கடல்சார் தினம். சிந்தியா எப்படிப் பிழைத்தது? மூலதனம் நாலரைக் கோடி. சுதேசிக்கு 10 லட்சம். நாற்பத்தைந்து மடங்கு. அப்படியும் கட்டணப் போட்டியில் திணறி, 1923-ல் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனித் தலைவர் இன்ச்கேப் பிரபுவோடு பத்து வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் மூச்சுவிட்டது. இத்தனை கப்பல் வைத்துக்கொள்ளலாம், இந்தத் தடத்தில்தான் ஓட்டலாம் என்ற நிபந்தனைகளோடு. நாலரைக் கோடிக்கே அந்தக் கதி என்றால் 10 லட்சத்துக்கு என்ன கதி?

இதற்குப் பிறகும் குடை என்பவர்கள் இந்த மூன்று கதைக்கும் பதில் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

முத்துக்குளி:
டாட்டாவை விட்டு வியாபாரிகள் ஓடினார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான் சொல்வதும் அதுதான்! காசு குறைந்த பக்கம் நம்மவன் ஓடுவான். அங்கே சரக்குக் கட்டணம், இங்கே குடை. என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொன்னதற்கு நன்றி.

பழங்கணக்கு:
காசு குறைந்த பக்கம் உலகத்தில் எந்த வியாபாரிதான் போகமாட்டான்? 'நம்மவன்' என்று ஏன் பிரிக்கிறீர்கள்? லண்டன் வியாபாரி நட்டத்துக்கு மூட்டை ஏற்றுவானா? அதுவும் போக, கப்பல் கூட்டணிகள் கையில் இன்னொரு கயிறு இருந்தது: தள்ளிக் கொடுக்கும் கழிவு. ஆறு மாதம் எங்கள் கப்பலில் மட்டும் சரக்கு ஏற்று, கட்டிய கட்டணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறோம் என்பார்கள். உடனே தரமாட்டார்கள். அடுத்த ஆறு மாதமும் விசுவாசமாக இருந்தால்தான் தருவார்கள். நடுவில் ஒரே ஒரு மூட்டையை வேறு கப்பலில் ஏற்றினாலும் சேர்ந்த பணம் மொத்தமும் போச்சு. கல்கத்தா தடத்தில் 1877-லேயே ஆரம்பித்த ஏற்பாடு. 1928-ல் இதை ஒழிக்கச் சட்டசபையில் மசோதா கொண்டுவரும் அளவுக்கு இந்திய முதலாளிகள் அடிபட்டிருக்கிறார்கள். வியாபாரியை இப்படிக் கட்டித்தான் வைத்திருந்தார்கள். ஒரு குடைக்கு மயங்கி அவன் போகவில்லை.

கடல்மைல்:
தூத்துக்குடி–கொழும்பு தடத்தில் அந்தக் கழிவு ஏற்பாடு நடந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? கல்கத்தா–லண்டன் தடத்து விஷயத்தைக் கொண்டுவந்து இங்கே ஒட்டாதீர்கள்.

பழங்கணக்கு:
ஒட்டவில்லை. அந்தக் காலத்துக் கப்பல் கம்பெனிகளின் முறை எப்படி என்று காட்டினேன். குடையை விடப் பெரிய ஆயுதங்கள் அவர்களிடம் இருந்தன என்பதுதான் சேதி.

கடல்மைல்:
முறை வேறு, ஆதாரம் வேறு. இதே தப்பைத்தான் முத்துக்குளி குடையில் செய்கிறார், நீங்கள் கழிவில் செய்கிறீர்கள்.

பழங்கணக்கு:
என்னையும் அவரையும் ஒரே தட்டில் வைக்கிறீர்களா? நல்லது. 650 ரூபாய்க் கணக்கில் தப்பு கண்டுபிடியுங்கள், அப்புறம் பேசுவோம்.

கரிசல்காட்டான்:
ஏஜெண்ட் யார் என்பதை ஏன் ஒருவரும் பேசமாட்டேன் என்கிறீர்கள்? தூத்துக்குடியில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்கு ஏஜெண்ட் ஹார்வி கம்பெனி. கோரல் ஆலையும் அதே ஹார்வி. கப்பலில் அடித்ததும் வ.உ.சி., ஆலையில் அடித்ததும் வ.உ.சி. பிப்ரவரி 27-ல் வேலைநிறுத்தம், மார்ச் முதல் வாரத்தில் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன, மார்ச் 12-ல் கைது. இரண்டு வாரம். கலெக்டர் விஞ்ச், அவருக்குக் கீழே ஆஷ். இந்தக் கோவையைப் பார்த்தபிறகும் கரிச்செலவு, சிப்பி, உலர்துறை என்று பேச எப்படி மனசு வருகிறது? கட்டணத்தால் கொல்ல முடியவில்லை என்பதால்தான் சட்டத்தால் கொன்றார்கள். குடை தோற்றுப்போனதற்குக் கைதே சாட்சி!

நெய்தல்நிலம்:
இது சரியான கேள்வி. குடையே கப்பலைக் கவிழ்த்திருந்தால் அவரைக் கைது செய்ய என்ன அவசியம்? தானாக மூழ்கும் கப்பலுக்கு யாராவது ஓட்டை போடுவார்களா?

முத்துக்குளி:
கைது செய்தது கப்பலுக்காக இல்லை, வங்காளத் தலைவர் விபின் சந்திர பாலர் விடுதலைக்கு மார்ச் 9-ல் ஊர்வலமும் கூட்டமும் நடத்தியதற்காக. கப்பல் அப்போதே நட்டத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தது. பழங்கணக்கே சொல்லிவிட்டார்.

பழங்கணக்கு:
நட்டம் என்றேன், தத்தளித்தது என்று சொல்லவில்லை. ஊர் பின்னால் நிற்கிறவரை நட்டத்தைப் பங்குப் பணம் தாங்கும். கைதுக்குப் பிறகு ஊர் பயந்தது, புதிதாகப் பங்கு விற்கவில்லை, பழைய தவணை வசூலாகவில்லை. கரிசல் சொல்வதில் பாதி சரி. ஆனால் 10 லட்சத்தை வைத்து அவர் வெளியே இருந்தாலும் எத்தனை வருஷம் தாங்கியிருப்பார்? கரிசல் அதற்குப் பதில் சொல்லமாட்டார்.

கரிசல்காட்டான்:
சொல்கிறேன். அவர் வெளியே இருந்திருந்தால் 10 லட்சம் 20 லட்சமாகியிருக்கும். ஷாலைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்த கப்பலை வெள்ளைக்காரன் மிரட்டி நிறுத்தினபோது இலங்கையிலிருந்து கப்பல் பிடித்து ஓட்டினவர். வழியே இல்லாத இடத்தில் வழி கண்டவருக்கு உங்கள் கணக்கை வைத்து எல்லை கட்டாதீர்கள். அரசன் ஐந்தாம் ஜார்ஜுக்கு 1911-ல் டெல்லியில் தர்பார், அதே வருஷம் நம் கம்பெனிக்குப் பாடை. மணியாச்சியில் ஜூன் 17-ல் ஆஷ் சுடப்பட்டது ஏன் என்று...

சட்டப்புள்ளி:
வாஞ்சிநாதனை இங்கே இழுக்காதீர்கள். அவர் சட்டைப்பையில் இருந்த கடிதம் பேசியது கப்பலைப் பற்றி அல்ல. அதைத் தொட்டால் இந்த இழை இருநூறு பதிவு போகும்.

கரிசல்காட்டான்:
எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று பட்டியல் போட உங்களை யார் நியமித்தது?

முத்துக்குளி:
பார்த்தீர்களா, குடையிலிருந்து மணியாச்சிக்கே ஓடிவிட்டார்கள். யாரிடமும் பதில் இல்லை. குடையை வாங்கினவன் யார்?

பழங்கணக்கு:
முத்துக்குளி, கடைசியாக ஒரு தடவை. ஒரு குடை ஒரு ரூபாய் என்றே பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 1,300 பேருக்கு 1,300 ரூபாய். சீட்டுக் காசும் கிடையாது. ஒரு நடைக்கு அவ்வளவையும் கடலில் கொட்டத் தயாராக இருந்தவன், சுதேசிக் கப்பலில் ஆளே இல்லாமல் இருந்திருந்தால் கொட்டியிருப்பானா? நம்மவன் சுதேசிக் கப்பலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் குடை வரைக்கும் அவன் இறங்கிவர வேண்டியிருந்தது. குடை நம் அவமானம் இல்லை. அவன் தோல்வியின் ரசீது.

முத்துக்குளி:
குடை ஒரு ரூபாய் என்று யார் சொன்னது?

பழங்கணக்கு:
பேச்சுக்கு என்று எழுதியிருக்கிறேனே!

முத்துக்குளி:
விலை தெரியாமல் கணக்குப் போடுகிறவர் அடுத்தவரைக் கணக்குப் படிக்கச் சொல்கிறார்.

கடல்மைல்:
மூன்றாவது கப்பல் பற்றி நான் எழுதியதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வெள்ளோட்டம்:
கப்பல் பெயரை எல்லோரும் 'காலியா' என்று எழுதுகிறீர்கள். 'காலியோ' என்றுதான் நான் படித்திருக்கிறேன்.

சட்டப்புள்ளி:
காலியா.

கரிசல்காட்டான்:
தமிழில் காலியோ என்றும் எழுதுவார்கள், இரண்டும் வழக்கில் உண்டு.

சட்டப்புள்ளி:
வழக்கில் இருப்பதெல்லாம் சரியாகிவிடாது. குடைக் கதையும் வழக்கில்தான் இருக்கிறது.

முத்துக்குளி:
குடை கதை இல்லை. கொடுத்தார்கள்.